எத்தனை நாள் பயிர் என்று எங்கே போட்டிருக்கிறது?

இணையதளம் அமைக்க உட்காரும் எந்தக் குழுவிலும் முதல் வாரத்திலேயே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. பார்த்தவுடன் கவரும் தோற்றம் இல்லையென்றால் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பது ஒரு கட்சி. உள்ளே வந்தவருக்குப் படிக்க உருப்படியாக எதுவும் இல்லையென்றால் தோற்றத்தால் என்ன பயன் என்பது இன்னொரு கட்சி. சிறு குழுக்களுக்குத் தமிழ்த் தளங்கள் அமைத்துத் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இந்த விவாதத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்துச் சமாதானம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத்து முழுமையாக முடிந்த பிறகே வடிவமைப்பு தொடங்க வேண்டும் என்பதும், தொடங்கிய பிறகு அதற்கு எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. காவிரி டெல்டாவில் மரபு நெல் விதைகளைக் காத்துவரும் நண்பர்களுக்காக அமைத்த ஒரு தளத்தை முன்வைத்து இதை விளக்குகிறேன்.

150-க்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளை மீட்டெடுத்து, திருவாரூர் மாவட்டம் ஆதிரங்கத்தில் ஆண்டுதோறும் விதைத் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். இரண்டு கிலோ விதையைப் பெற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அத்திருவிழாவின் நடைமுறை. அவர் வழியைப் பின்பற்றும் பலருள் என் நண்பர்களும் சிலர். விதையை வாங்கிச் செல்பவர் வீட்டுக்குப் போன பிறகு, அந்த நெல்லை எந்தப் பட்டத்தில், அதாவது எந்த விதைப்புப் பருவத்தில், விதைப்பது, எப்படிப்பட்ட நிலத்தில் நடுவது, எப்போது அறுப்பது என்ற ஐயங்கள் வரும்போது பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதுதான் தளத்தின் நோக்கம்.

குழுவின் இளைஞர்கள் ஒரு டெம்ப்ளேட்டை, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க வடிவத்தை, ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். திரை முழுவதும் பச்சை வயல், அதன் மேல் மெல்லிய வெள்ளை எழுத்தில் நெல்லின் பெயர், கீழே உருட்ட உருட்ட ஒவ்வொன்றாக மிதந்து வரும் படங்கள் என்று அது உண்மையிலேயே அழகாக இருந்தது. மாதிரிப் பக்கத்தைக் குழுவின் மூத்த உழவர் ஒருவரிடம் கைபேசியில் காட்டினோம். பொறுமையாகக் கடைசி வரை உருட்டிப் பார்த்துவிட்டு, “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எத்தன நாள் பயிருன்னு எங்க போட்டிருக்கு?” என்று கேட்டார். அந்தத் தகவல் பக்கத்தில் இருக்கவே செய்தது. ஏழாவது திரையில், ஒரு பத்தியின் நடுவில், மற்ற சொற்களோடு சொல்லாகக் கலந்து கிடந்தது. ஒரு நெல்லைப் பற்றி உழவர் கேட்கும் முதல் கேள்வியே வயதுதான், அதாவது விதைத்ததிலிருந்து அறுவடை வரை எத்தனை நாள் என்பதுதான் என்பதை அந்த டெம்ப்ளேட்டை உருவாக்கியவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அது எந்தப் பொருளுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது, ஆகவே எந்தப் பொருளின் கேள்வியும் அதற்குள் இல்லை.

அதன் பிறகு கணினியை மூடிவைத்துவிட்டு, விதை வாங்க வருபவர்கள் வழக்கமாக என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினோம். வயது, பட்டம், மண், தண்ணீர் நின்றால் தாங்குமா, காற்றுக்குச் சாயுமா, வைக்கோல் எவ்வளவு கிடைக்கும், அரிசியின் நிறம் என்ன, சோறுக்கா பலகாரத்துக்கா, விதை இப்போது யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் நீண்டது. இந்தக் கேள்விகளை வந்த வரிசையிலேயே வைத்து ஒவ்வொரு நெல்லுக்கும் விடை எழுதியபோது, பக்கத்தின் உருவத்தில் பாதி தானாக அமைந்துவிட்டது. எது மேலே பெரிதாக வர வேண்டும், எது அட்டவணையாக வேண்டும், எது நீண்ட பத்தியாகக் கீழே போகலாம் என்பதையெல்லாம் கேள்விகளே சொல்லிக்கொடுத்தன.

வயதை ஓர் அழகிய வட்டத்துக்குள் ஒற்றை எண்ணாகப் போடலாம் என்று அடுத்து ஓர் யோசனை வந்தது. காட்டுயானம் என்ற நெல்லுக்கு 180 என்று பெரிதாகப் போட்டால் பார்த்தவுடன் மனத்தில் பதியும் என்பது உண்மைதான். ஆனால் மரபுச் சம்பா வகைகளில் பல, பகல்பொழுது குறையும் பருவத்தில்தான் பூக்கும். அத்தகைய நெல்லை முன்கூட்டியே விதைத்தால் வயது நீளும், தள்ளி விதைத்தால் குறையும். பட்டத்தைச் சொல்லாமல் வயதை மட்டும் சொல்வது ஓர் உழவரின் ஓராண்டு உழைப்பைத் தவறான திசையில் திருப்பிவிடக்கூடும். எனவே வட்டத்தைக் கைவிட்டு, “சம்பா பட்டத்தில், ஆவணியில் விதைத்தால்” என்ற சொற்களையும் எண்ணோடு சேர்த்து ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வைத்தோம். வட்டத்தின் கவர்ச்சி அந்த வரிக்கு இல்லை என்பது தெரிந்தேதான் செய்தோம். வடிவமைப்பு சுருக்கத்தை விரும்புகிறது, உள்ளடக்கம் நிபந்தனைகளை விரும்புகிறது. தள அமைப்பில் உண்மையான இழுபறி இந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்த நிபந்தனையை நீக்கினால் தகவல் பொய்யாகிவிடுமோ, அந்த நிபந்தனை எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். மற்றவை கீழே இறங்கலாம்.

எழுத்து முடியும் முன்பே வடிவமைப்பைத் தொடங்குபவர்கள் வெற்றிடத்தை ‘லோரம் இப்சம்’ என்ற லத்தீன் வரிகளால் நிரப்புவது வழக்கம். கி.மு. 45-இல் ரோமானிய அறிஞர் சிசெரோ எழுதிய ஒரு தத்துவ நூலின் பகுதியைச் சிதைத்து உருவாக்கப்பட்ட அவ்வரிகள், 1960-களில் லெட்ராசெட் என்ற, எழுத்துகளைத் தேய்த்து ஒட்டும் தாள்கள் வழியாகவும் 1980-களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகவும் உலகெங்கும் பரவின. லத்தீன் எழுத்தில் எழுதப்படும் மொழிகளுக்கே அது முழுமையாகப் பொருந்தாது. தமிழ்த் தளத்துக்கு அது பெரும் ஏமாற்று. தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் எண்ணும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், “விதைக்கப்படுகின்றவற்றிலிருந்து” போன்ற ஒரு சொல்லே கைபேசித் திரையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துப் பெயருக்காக அளந்த மெனுவில் “விதை கிடைக்கும் இடங்கள்” என்று எழுதினால் அது இரண்டு வரிகளாக மடிந்து, பக்கத்திலிருக்கும் பட்டன் மீது ஏறும். அதைச் சரிசெய்ய, வடிவமைப்பவர் சொல்லை வெட்டச் சொல்வார். அவ்வாறு பொருளற்ற குறுஞ்சொற்களாகத் தேய்ந்துபோன தமிழ் மெனுக்களை எங்கும் பார்க்கிறோம். உண்மையான தமிழ் வரிகளை, அவற்றிலும் மிக நீளமானவற்றை, முதல் நாளே பக்கத்தில் இட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

தமிழ் எழுத்தின் அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எழுத்தே மிகுந்திருக்கும் ஒரு தளத்தில் காட்சி அழகு என்பதில் பெரும்பகுதி எழுத்துருவின் அழகுதான். ஆங்கில டெம்ப்ளேட்டுகள் தலைப்புகளையும் சிறு குறிப்புகளையும் பெரிய எழுத்துகளாக மாற்றி, இடையிடையே வெளி விட்டு, மற்ற எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால் அந்த வேறுபாடு முழுவதும் மறைந்துவிடுகிறது. விட்ட இடைவெளி மட்டும் எஞ்சி, நீண்ட சொற்களைக் கலைத்துப்போடுகிறது. சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் வேரூன்றியதன்று. கணினி செயற்கையாகச் சாய்க்கும்போது சுழிகள் நசுங்கித் தெரிகின்றன. தடித்த எழுத்தைச் சிறிய அளவில் இட்டால் ண, ஞ, ஜ போன்றவற்றின் உட்சுழிகள் அடைபடுகின்றன. ஆக, ஆங்கில வடிவமைப்பாளர் கையாளும் கருவிகளில் பல நமக்கு உதவுவதில்லை. நம்மிடம் இருப்பவை அளவு, எடை (அதாவது எழுத்துக் கோட்டின் தடிமன்), நிறம், இடைவெளி ஆகிய நான்கு மட்டுமே. அவற்றைக் கவனமாகக் கையாண்டால் அவையே போதும்.

வரி இடைவெளி இன்னும் முக்கியமானது. டெம்ப்ளேட்டின் தலைப்புகளுக்கு எழுத்தளவைப் போல 1.1 மடங்கு வரி உயரம் வைத்திருந்தார்கள்; அதற்கு வெளியே நீளும் எதையும் வெட்டிவிடும் கட்டளையும் அதில் இருந்தது. அதில் “பூங்கார்” என்ற நெல்லின் பெயரை இட்டபோது, பகரத்தின் அடியில் இறங்கும் கோடு வெட்டுப்பட்டு, பெயர் “பங்கார்” என்று தெரிந்தது. தமிழில் உகரமும் ஊகாரமும் எழுத்தின் அடியிலும், இகரமும் ஈகாரமும் எழுத்தின் தலையிலும் நிற்பதால், அழகுக்காக வரியை நெருக்கினால் எழுத்துப்பிழையே உண்டாகிறது. தலைப்புகளுக்கு 1.4-க்குக் குறையாமலும், பத்திகளுக்கு 1.7 அளவிலும் நாங்கள் வைத்துக்கொண்டோம். எழுத்துருவைப் பொறுத்தவரை இப்போது நமக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் என்று கட்டற்ற உரிமத்தில் நல்லவை பல கிடைக்கின்றன. நான் முக்த மலரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதற்கு ஏழு எடைகள் இருப்பதுதான். தலைப்பு, துணைத்தலைப்பு, அட்டவணை, பத்தி எல்லாவற்றையும் ஒரே குடும்பத்துக்குள் எடையால் பிரித்துக் காட்ட முடிந்தது.

மெல்லிய சாம்பல் நிறத்தில் எழுத்தை இடுவது இன்றும் நாகரிகமாகக் கருதப்படுகிறது. #999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளைப் பின்னணியில் ஏறத்தாழ 2.85-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டையே தருகிறது. இணைய அணுகல் வழிகாட்டிகள் பத்தி எழுத்துக்குக் கேட்பதோ குறைந்தது 4.5-க்கு 1. குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். நண்பகல் வெயிலில் வரப்பில் நின்று, கீறல் விழுந்த கைபேசியைக் கையால் மறைத்துக்கொண்டு படிப்பவருக்கு அந்தச் சாம்பல் எழுத்து இல்லாத எழுத்துதான். எங்கள் தளத்தில் பத்தி எழுத்து கிட்டத்தட்டக் கறுப்பு, பின்னணி வெள்ளை. இதைவிட மென்மையான ஒன்றை விரும்பிய நண்பர்களை வெயிலில் அழைத்துச் சென்று காட்டியதும் பேச்சு முடிந்துவிட்டது.

படங்களைப் பற்றிய கணக்கும் இப்படித்தான். யுனிகோடில், வழக்கமான யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில், தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும், ஒரு நெல்லைப் பற்றிய நீண்ட கட்டுரை முழுவதும் 50 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கைபேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரு படம் 4 மெகாபைட், அதாவது அத்தகைய எண்பது கட்டுரைகளுக்குச் சமம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள சிக்னலில் அந்த ஒரு படம் வந்து சேர அரை நிமிடத்துக்கு மேலாகும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஆகவே படங்களைச் சுருக்கினோம், எண்ணிக்கையைக் குறைத்தோம், எழுத்து வந்த பிறகே படம் வரும்படி வைத்தோம்.

குறைத்தோம் என்பதால் படம் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்ததாக எண்ண வேண்டாம். நெல்லைப் பற்றிய தளத்தில் சில படங்கள் எந்தப் பத்தியைவிடவும் உயர்ந்த உள்ளடக்கம். உமியோடு பத்து மணிகள், உமி நீக்கிய பத்து மணிகள், பக்கத்தில் ஓர் அளவுகோல், நிழல் விழாத வெளிச்சம் என்று எல்லா வகைகளுக்கும் ஒரே முறையில் எடுத்த படம் இருந்தால், தூயமல்லியையும் கிச்சிலிச் சம்பாவையும் ஒருவர் தன் கையிலிருக்கும் விதையோடு ஒப்பிட்டுக்கொள்ள முடியும். கதிர் முற்றிய பருவத்தில் பயிருக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுத்த படம், காட்டுயானம் எவ்வளவு உயரம் வளரும் என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடும். முகப்பில் இருந்த பச்சை வயல் படமோ எந்த ஊர் வயல், எந்த நெல் என்று யாருக்கும் தெரியாத, விலைக்கு வாங்கிய படம். எடுத்துவிட்டால் வாசகர் எதையேனும் இழப்பாரா என்று ஒவ்வொரு படத்தையும் கேட்டுப் பார்த்தோம். அந்தக் கேள்விக்கு நின்றவை மட்டும் தளத்தில் தங்கின.

இவ்வளவு சொன்ன பிறகு, தோற்றத்தின் தரப்பில் இருக்கும் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2002-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் குழுவினர், ஒரு தளத்தை நம்பலாமா என்பதை மக்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று 2,684 பேரிடம் ஆராய்ந்தபோது, அவர்கள் எழுதிய கருத்துகளில் 46 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைக் குறிப்பிட்டன. அதற்கு முன்பே, 1995-இல் ஜப்பானில் குரோசுவும் காஷிமுராவும் பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரைக்கு 26 அமைப்புகளை உருவாக்கிச் சோதித்தார்கள். எந்த அமைப்பு அழகாக இருந்ததோ அதையே கையாள எளிது என்றும் மக்கள் கருதினார்கள். உழவர்களின் தளம்தானே, எளிமையாக இருந்தால் போதும் என்று சிலர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுபது ஆண்டு அனுபவத்தைச் சொல்லும் ஒருவரின் சொல், கவனமின்றி அமைந்த பக்கத்தில் வந்தால், படிப்பவர் அந்த அனுபவத்தையே குறைத்து மதிப்பிடுவார். நல்ல வடிவமைப்பு என்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் அந்த ஆய்வுகள் சொல்வதை மறுபக்கத்திலிருந்தும் படிக்கலாம். அழகு நம்பிக்கையை உண்டாக்குகிறது என்றால், தவறான தகவலுக்கும் அது அதே நம்பிக்கையை உண்டாக்கும். மரபு அரிசிகளைப் பற்றி, இதை உண்டால் சர்க்கரை நோய் தீரும், அதை உண்டால் புற்றுநோய் அண்டாது என்றெல்லாம் மிக நேர்த்தியான படங்களோடும் எழுத்துகளோடும் வரும் பக்கங்கள் ஏராளம். கருப்புக் கவுனி அரிசியின் நிறத்துக்கு ஆந்தோசயனின் என்ற நிறமி காரணம் என்பது ஒரு தகவல். அந்த அரிசி ஒரு நோயைத் தீர்க்கும் என்பது முற்றிலும் வேறான, சான்று வேண்டிய ஒரு கூற்று. இரண்டையும் ஒரே வண்ணக் கட்டத்துக்குள் ஒரே புள்ளிவரிசையில் வைக்கும்போது, வடிவமைப்பு ஒரு பொய்க்குத் துணைபோகிறது. மருந்தை நிறுத்திவிட்டு அரிசியை நம்பும் ஒருவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தால், இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை என்பது விளங்கும். எங்கள் தளத்தில் மக்கள் வழக்கில் சொல்லப்படுவது தனிப் பகுதி, ஆய்வில் தெரியவந்தது தனிப் பகுதி. இரண்டின் பின்னணி நிறமும் வேறு. நோய் தீர்க்கும் என்ற கூற்றுக்கு எந்தப் பகுதியிலும் இடம் தரவில்லை.

இதனோடு சேர்ந்ததுதான் நான் மிகவும் போராடி வைத்த சான்று வரி. ஒவ்வொரு தகவலும் எந்த ஊரில், எந்தப் பட்டத்தில், எவ்வகை மண்ணில் பயிரிட்டுக் கண்டது, எந்த மாதம் பதிவானது என்பதைச் சொல்லும் வரி அது. அதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடலாம் என்று வடிவமைப்புப் பக்கத்திலிருந்து யோசனை வந்தது. அட்டவணைக்கு நேர் கீழே, பத்தி எழுத்தின் அளவிலேயே நிற்க வேண்டும் என்றேன். தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், அதை உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற விவரம் முதல் திரையிலேயே இருக்கும். அலங்காரம் ஏதுமற்ற அந்தப் பக்கங்களை இன்றும் மாணவர்களும் ஆய்வாளர்களும் நம்பித் திறப்பதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். எழுத்துரு விஷயத்தில் அப்பக்கங்களுக்கு இன்று இன்னும் நல்ல உடை அணிவிக்கலாம் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

உள்ளடக்கத்தை முன்னிறுத்தினால் பார்வைக்கு வறண்டுவிடும் என்று அஞ்சுபவர்களுக்குப் பிரித்தானிய அரசின் பொதுத் தளமான GOV.UK-ஐக் காட்டுவேன். 2012 அக்டோபரில் வெளியான அத்தளத்தில் பெரிய படங்களோ அசையும் காட்சிகளோ இல்லை. ஒரு குடிமகன் கேட்கும் கேள்வியும் அதற்கான விடையும் தெளிவான எழுத்தில் இருந்தன. 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்று அதைத் தேர்ந்தெடுத்தது. அங்கே எழுதுபவர்களும் வடிவமைப்பவர்களும் ஒரே குழுவாக வேலை செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

நம் சூழலில் அவ்வளவு பெரிய குழுவுக்கு வாய்ப்பில்லை என்பதால், பணத்தையும் நேரத்தையும் எப்படிப் பங்கிடுவது என்பது நடைமுறைக் கேள்வி. தளம் அமைக்க ஒதுக்கும் தொகை முழுவதும் தோற்றத்துக்குப் போய்விட்டு, எழுதுவதை யாராவது ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று விடுவதே பெரும்பாலும் நடக்கிறது. எழுதுபவருக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்று திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்கிறேன். கேட்கும்போது வியப்பாகப் பார்க்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவதால், அதற்கு முன்பே குறுவைப் பட்டத்துக்கான விதை இருப்பு விவரம் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். சம்பாவுக்கும் தாளடிக்கும் அப்படியே. இந்தப் புதுப்பிப்பைக் குழுவில் யார் செய்வது என்று முடிவான பிறகுதான் முகப்பின் அமைப்பை இறுதி செய்தோம். மாற்றுவதற்குக் கணினி அறிவு அதிகம் தேவைப்படும் எந்த அலங்காரமும் ஒரு பட்டம் முடிவதற்குள் பழைய தகவலைத் தாங்கி நிற்கும் என்பதால், அத்தகையவற்றை முகப்பில் அனுமதிக்கவில்லை.

இப்போது அச்சுக்கான வடிவத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். விதைக் கிடங்கின் சுவரில் ஒட்டிவைக்க ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரே தாள் வேண்டும் என்று உழவர்கள் கேட்டிருக்கிறார்கள். மெனுவும் வண்ணமும் நீங்கி, பெயர், வயது, பட்டம், மண், சான்று வரி, மணிகளின் படம் ஆகியவை மட்டும் ஏ4 தாளில் அடங்க வேண்டும். கறுப்பு-வெள்ளை அச்சில் அளவுகோலின் கோடுகள் தெளிவாக விழும்படி படங்களை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அடுத்த அறுவடையில் அதைச் செய்வதாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.